சட்டைக் கையைச் சுருட்டியவர்கள்

முப்பிடாதி அம்மாவிடம் கேள்வி கேட்கப் போனவர்களில் பாதிப் பேர் பதிலோடு திரும்பியதில்லை. கர்னல் சேர்மத்துரைக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும், லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா காலடியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அம்மாவின் மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று, முற்றத்தில் ஒரு நீள பெஞ்சு. அம்மாவுக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் ஆயா வேலை பார்த்தவர், ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து இங்கே உட்கார்ந்துவிட்டார். கர்னலுக்கு ஐம்பத்துநாலு. வயது பார்த்தா குரு வாய்க்கிறார்?

அன்று காலை கர்னல் வந்தபோது அம்மா கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா. லீவா?"

"லீவு இல்லம்மா. அஞ்சு மாசமாச்சு. பட்டாளத்தை விட்டே வந்துட்டேன்."

"வந்துட்டியளா?"

கர்னல் கேட்க வந்த கேள்வியே அதுதானே.

பட்டாளம் என்றால் துப்பாக்கியும் கையுமாகத் திரிந்தவர் என்று நினைத்தால் தப்பு. கடைசி ஆறு வருஷம் அவர் ஒரு மருந்துத் திட்டத்தை நடத்தினார். குண்டடி பட்டவனுக்கு ரத்தப்போக்கைச் சட்டென்று நிறுத்துகிற ஊசி. மருந்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் இருந்தார்கள், போட டாக்டர்கள் இருந்தார்கள். எல்லாம் நேரத்துக்கு நடக்கிறதா என்று பார்ப்பது இவர் வேலை. மருந்துப் பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கணும், எந்தத் தேதியில் யாருக்குப் போடணும், எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகணும். ஊசியைக் கையால் தொட்டதில்லை. ஒரு நிமிஷம் பிந்தியதும் இல்லை. இந்த இரண்டிலும் மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

"வெளியில வேலை தேடுறேன்ம்மா. படிப்பு இருக்கு, அனுபவம் இருக்கு. கூப்பிடவும் செய்றாங்க. ஆனா போற இடத்துல எல்லாம்..."

"போற இடத்துல எல்லாம்?"

"யாராவது உட்கார்ந்திருக்காங்க."

அம்மா கீரையை உதறினார். "சொல்லுங்க."

சொன்னார். முதலில் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இன்டர்வியூவுக்குக் காத்திருந்தபோது எதிர் நாற்காலியில் ஓர் ஆள். இடது சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விட்டுக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தான். ரத்தம் கொடுக்க வந்தவன் போல என்று கர்னல் நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அது அதிசயமா என்ன?

அடுத்தது பெங்களூரில், மருத்துவக் கருவி விற்கிற கம்பெனி. கண்ணாடிக் கதவும் சோபாவுமாகப் பளபளக்கிற இடம். அந்தச் சோபாவில் நாலு பேர். நாலு பேருக்கும் இடது சட்டைக் கை தோள் வரைக்கும் சுருட்டியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் "இவங்க யாரும்மா?" என்று கேட்டார். அவள் சோபாவைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "யாருமில்லையே சார்" என்றாள். அன்று உள்ளே போய் அவர் பேசியது அவருக்கே ஞாபகமில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

"மூணாவது ஹைதராபாத்ல ஒரு மருந்துக் கம்பெனி. வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பேசினாப் போதும்னாங்க. தப்பிச்சோம்டா சாமின்னு இருந்தது. என் வீடு, என் ரூம், கதவைப் பூட்டிட்டு உட்கார்ந்தேன். பேசுறவங்க முகம் பெரிசாத் தெரியும், நம்ம முகம் மூலையில சின்னக் கட்டத்துல தெரியும் பாருங்க. அந்தச் சின்னக் கட்டத்துல எனக்குப் பின்னால..."

"எத்தனை பேரு?"

"எண்ணலைம்மா. சுவர் தெரியலை."

"திரும்பிப் பாத்தியளா?"

"இல்லை. ஐம்பது நிமிஷம் கழுத்தைத் திருப்பாமப் பேசினேன். உங்க நிதானம் எங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க." கர்னல் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லணும். இதை விட்டா இன்னொருத்தன் கூப்பிட மாட்டான். நான் வீட்டுக்குள்ளேயே கிடந்து மக்கிப் போவேன்ம்மா. சரின்னு சொன்னா, தினமும் அவங்களோட உட்காரணும். பயமா இருக்கு."

"அங்க என்ன வேலை?"

"இதே மாதிரிதான். ஒரு மருந்தை முந்நூறு பேருக்குப் போட்டுப் பார்க்கணும். நான் நடத்திக் கொடுக்கணும்."

"சட்டைக் கையைச் சுருட்டினவுக யாருன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும். முதல் நாளே தெரியும். மனுஷன் ஐந்து மாசமாகத் தெரியாத மாதிரியே நடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அந்த ஊசியைப் போட்டுப் பார்க்க முன்வந்த சிப்பாய்கள் நாற்பத்தொரு பேர். காகிதத்தில் அவர்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். பேர்களெல்லாம் அரக்கு வைத்த உறைக்குள் இருக்கும். நடத்துகிறவர் பிரிக்கக் கூடாது. வேண்டியவன் வேண்டாதவன் என்று வந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த முறை அது. ஊசி போட்டதும் எல்லோரும் பெஞ்சில் உட்கார வேண்டும். கர்னல் வந்து, கையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்து, "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். பட்டாளத்தில் உட்கார் என்றால் உட்கார்தான்.

"ரெண்டாவது ஊசி போட்ட அன்னிக்கு மேலிடத்துல இருந்து உத்தரவு வந்துச்சு. திட்டத்தை மூடு, உடனே மூடுன்னு. ஏன்னு சொல்லலை. பின்வாசல்ல வண்டி நிக்குது. நாற்பது நிமிஷத்துல எல்லாத்தையும் ஒப்படைச்சேன். மருந்துப் பெட்டி ஏழு, ஊசி இத்தனை, கோப்பு இத்தனை. ஒண்ணு விடலை. கையெழுத்துப் போட்டேன், வாங்கினவரும் போட்டாரு."

"பெஞ்சுல இருந்தவுக?"

"அவங்க சாமான் இல்லையேம்மா. பட்டியல்ல வரமாட்டாங்க."

"எழுந்திரின்னு யாரு சொன்னா?"

"வாங்கினவர் சொல்லியிருப்பாரு."

"அவருகிட்ட நீங்க சொன்னியளா?"

அவரிடம் கர்னல் அதைச் சொல்லியிருக்கவில்லை. பின்வாசல் வழியாகப் போனவர் பெஞ்சுப் பக்கம் போகவே இல்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முற்றத்து பெஞ்சைக் காட்டினார்.

"அதுல போய் உட்காருங்க. இடது சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கோங்க. நான் வந்து சொல்லுத வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்மா?"

அம்மா கீரைக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கர்னல் உட்கார்ந்தார். மணி பத்து. பத்தேமுக்கால் ஆனது. உள்ளே தாளிக்கிற வாசம் வந்தது. பதினொன்றரைக்கு அம்மா பின்பக்கமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போகிற சத்தம் கேட்டது. மறந்துவிட்டாரோ? கூப்பிடலாமா? கூப்பிடவில்லை. முப்பது வருஷப் பழக்கம் விடுமா? முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

உச்சிவெயில் ஏறியது. சுருட்டிய கை சுட்டது. தாகம் எடுத்தது. கிணறு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஒருவர் நம்மை உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டால், கோபம் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அப்புறம் நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று தோன்ற ஆரம்பிக்கிறது. கர்னலுக்கு அது வாழ்க்கையில் முதல் தடவை.

இரண்டு மணி இருக்கும். பெஞ்சின் அந்தக் கோடி கிறீச்சிட்டது.

அவர் திரும்பவில்லை. மறுபடி கிறீச்சிட்டது, இன்னும் கொஞ்சம் பக்கத்தில். ஸ்பிரிட் வாடை அடித்தது. ஊசி போடுமுன் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார்களே, அதே வாடை. ஆறு பேர் உட்காரக்கூடிய பெஞ்சு. கிறீச், கிறீச் என்று ஏழு, எட்டு, பதினைந்து என ஆகிக்கொண்டே போனது. நகர்ந்து இடம் விட அவருக்கு இடமில்லை. கடைசியில் ஒரு தோள் அவர் தோளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அனலாகக் கொதித்தது அது, மூன்று நாள் காய்ச்சல்காரன் தோளைப் போல.

கர்னலுக்கு எழுந்து ஓடத் தோன்றியது. ஆனாலும் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஐந்து மாசமாகத் தெரியும். கண்ணை நேரே வைத்துக்கொண்டு, பழைய குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, "போகலாம்!" என்றார்.

பெஞ்சு அசையவில்லை.

"எல்லாரும் போகலாம்!"

ஒரு கிறீச் இல்லை. கொதிக்கிற தோள் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டது. கர்னல் சேர்மத்துரை, பனிமலையில் ஆறு குளிர்காலம் தாக்குப்பிடித்தவர், கண்ணில் நீர் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாலரை மணிக்கு அம்மா வந்தார். பெஞ்சைக் கோடியிலிருந்து கோடி வரைக்கும் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தார். ஓர் இடத்தில் குனிந்து நின்றார். அப்புறம் இன்னோர் இடத்தில். கடைசியாகக் கர்னல் முன்னால் வந்து நின்று, "எந்திரிங்கய்யா" என்றார்.

எழுந்ததும் கால் மரத்துப்போய்க் கர்னல் தடுமாறினார். அம்மா கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"சொல்லிட்டேன்ம்மா. ரெண்டு தடவை சொன்னேன். எந்திரிக்க மாட்டேங்கிறாங்க."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"நீங்கன்னா கர்னலா? அவருதான் எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு வண்டியேறிட்டாரே. இல்லாத ஆபீசர் சொல்லுக்கு எவன் எந்திரிப்பான்?"

கர்னல் தண்ணீரைக் குடித்து முடித்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. ஹைதராபாத் நம்பர். அவர் எடுக்கவில்லை.

"அப்போ நான் என்னதாம்மா செய்யணும்?"

"கை எப்படி இருக்குன்னு கேட்டியளா?"

போன் அடித்து ஓய்ந்தது.

ஆறு வருஷத்தில் அவர் காகிதத்தில் எழுதாத கேள்வி இல்லை. காய்ச்சல் உண்டா, வீக்கம் உண்டா, எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு. எல்லாவற்றையும் வேறு யாரோ கேட்டு, வேறு யாரோ நிரப்பி, இவர் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"கோடியில இருக்காரே, அவருக்கு ரெண்டு விரலு இன்னும் மடங்கலையாம்" என்றார் அம்மா. "சட்டைப் பித்தான் போட முடியலைங்காரு. இப்பதான் கேட்டேன், சொன்னாரு."

கர்னல் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்து விழுந்தது.

"அது எத்தனாம் நம்பர்ம்மா?"

முப்பிடாதி அம்மா சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும்? நான் பேரைத்தாம்லா கேட்டேன்."