பட்டியலில் ஒன்பதாவது

வில்வநாதனுக்கு ஐம்பத்தொரு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட ஆவுடை சாமிக்கு முப்பத்துநாலு. "தம்பி வயசுப் பையன்கிட்டப் போயி ஞானம் கேக்கீரே" என்று பஸ் டிப்போவில் கேலி செய்வார்கள். கேலி செய்தவனின் குரலிலேயே அந்தக் கேலியைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார் வில்வநாதன். செய்தவனே சிரித்துவிடுவான்.

டிப்போவில் அவர் டைம்கீப்பர். யார் குரலும் அவருக்கு வரும். ஒரு தடவை கிளை மேலாளர் குரலில் போன் பேசி ஒரு கண்டக்டருக்கு லீவு கொடுத்துவிட்டார். மேலாளர் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தார். அறையை விட்டு வெளியே வந்ததும் வில்வநாதன் அந்தத் திட்டு முழுவதையும் அதே குரலில் நடித்துக் காட்டினார்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி, வேர்த்து விறுவிறுத்து சாமியின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். சாமி சமையல்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"உக்காருங்க. கீரையை எடுத்துக்கிடுங்க."

ஒரு கொத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"செண்பகத்துக்குச் சான்ஸ் இருக்கா, இல்லையா?"

செண்பகம் அவருடைய ஒரே மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். மூன்று வருட பி.எஸ்ஸி.யில் இடம் கிடைத்துவிட்டது. படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் முழுக் கட்டணச் சலுகை. நாலு வருட ஆனர்ஸுக்கும் போட்டிருந்தாள். அதில் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பி.எஸ்ஸி.யை உறுதி செய்தால் ஆனர்ஸ் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ஆனர்ஸுக்குக் காத்திருந்தால் பி.எஸ்ஸி. இடமும் சலுகையும் வேறு பிள்ளைக்குப் போய்விடும். காத்திருந்தும் கிடைக்காவிட்டால் இந்த வருடம் இரண்டும் இல்லை.

"யார்கிட்டயும் கேட்டுப் பாத்தீங்களா?" என்றார் சாமி.

"கேக்காத ஆள் இல்ல. மொதல்ல அங்கயே போன் போட்டேன்." வில்வநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் தேன் தடவியது போல ஆனது. "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. ஆனர்ஸ் பிரிவுக்கு எண் மூன்றை அழுத்தவும்."

"அழுத்தினா?"

"பாட்டு." மூக்காலேயே அந்தப் பாட்டைப் பாடினார். "அரை மணி நேரம் பாட்டு. அப்புறம் ஒரு ஆள் வந்தாரு, வாய் நிறையச் சோத்தோட. 'சார், போன வருசம் பதினொண்ணாவது ஆள் வரைக்கும் எடுத்தோம். அதுக்கு முந்துன வருசம் மூணோட நின்னு போச்சு. இந்த வருசம் எப்படின்னு கேட்டா, நான் என்ன சாமியாரா?'"

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டு வில்வநாதன் அடுத்த ஆளுக்குப் போனார்.

"பஸ் ஸ்டாண்டு மாடியில அட்மிஷன் ஏஜென்ட் ஒருத்தன் இருக்கான். 'அண்ணாச்சி, ஒம்பதுங்கிறது ஒம்பதே இல்ல. நம்ம கையில விட்டுருங்க. நூறு பர்சென்ட். மத்தத நேர்ல பேசிக்கிடலாம்.' அவன் பேசும்போது கண்ணு ரெண்டும் என் சட்டைப் பையிலயே இருக்கு சாமி. அப்புறம் என் மச்சினன்." குரல் கட்டையாகி, ஊரெல்லாம் கேட்கிற மாதிரி ஆனது. "'அத்தான், நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொம்பளப் பிள்ளைக்கு ஆனர்ஸ் எதுக்கு? ஃப்ரீயாக் குடுக்கான், பேசாம வாங்கிட்டு வருவீங்களா.'"

"ஒன்பதாவதுன்னா முன்னால எட்டுப் பேர்."

"எட்டுப் பேர்."

"அதுல எத்தன பேர் வேண்டாம்னு போவாங்க?"

"அது அவங்கவங்க அப்பன்மார்கிட்டக் கேட்டாத்தான் தெரியும்."

"பிள்ளைங்ககிட்ட இல்லையா?"

வில்வநாதன் கீரையை உருவினார்.

"உங்க பிள்ளை என்ன சொல்லுது?"

வில்வநாதன் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். தோள் இரண்டும் கொஞ்சம் குறுகின. "உங்க இஷ்டம்ப்பா."

அவளே வந்து நின்றது போல இருந்தது.

"இன்னொரு தரம்."

"உங்க இஷ்டம்ப்பா."

"ரொம்ப நல்லாச் செய்யுது."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம், சாமி."

"நான் செண்பகத்தைச் சொன்னேன்."

வில்வநாதன் சிரிக்கத் தயாரானார். சிரிப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அவ மிமிக்ரியெல்லாம் பண்ண மாட்டா சாமி. வீட்டுல நான் ஒருத்தன்தான்."

"அவகிட்ட நீங்க எந்தக் குரல்ல கேட்டீங்க?"

வில்வநாதன் ஒரு காம்பை இரண்டாக ஒடித்தார்.

"துணைவேந்தர் குரல்ல. அவர் பேசி நான் கேட்டதில்ல. சும்மா, கனமா ஒண்ணு எடுத்துவிட்டேன். 'மாணவி செண்பகவல்லி, தங்கள் விருப்பம் யாது?' அப்படின்னு. சிரிச்சா சாமி. வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சா."

"சிரிச்சிட்டு?"

"அதத்தான் சொன்னா, உங்க இஷ்டம்ப்பான்னு."

சாமி அடுத்த கொத்தைக் கையில் எடுத்தார். "போன் கொண்டாந்திருக்கீங்களா?"

வில்வநாதன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலாளர் குரல் தொண்டை வரை வந்துவிட்டது. அதை முழுங்கினார். அதற்குப் பின்னால் ஏஜென்ட் வந்தான். அவனையும் முழுங்கினார்.

"செண்பகம். ஒனக்கு என்னம்மா வேணும்? இத எடுத்துக்கிடுதியா, அதுக்குக் காத்திருக்கியா?"



"இது யாரு குரலுப்பா?"

"என்னோடதுதாம்மா."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

பிறகு அவள் பேசினாள். முதலில் விட்டு விட்டு, அப்புறம் மூச்சு விடாமல். வில்வநாதன் ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லை. கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து அவருடைய போனுக்கு ஓடிபி வந்தது. டிப்போவில் யாருக்காவது ஓடிபி வந்தால் அதைச் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்துக் கொடுக்கிறவர், இப்போது ஆறு எண்களையும் வெறுமனே சொன்னார். அந்தப் பக்கம் அவள் எதையோ அழுத்தினாள்.

"ஆயிட்டுப்பா" என்றாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொல்லுது?" என்றார் சாமி.

வில்வநாதன் அவள் குரலில் சொல்லிக் காட்டவில்லை. "காத்திருக்காளாம். ரெண்டு பாடத்திட்டத்தையும் எப்பவோ பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிச்சிருக்கா. எனக்குத் தெரியாது. ஆனர்ஸ்ல கடைசி வருசம் ஒரு கணக்கு சொல்லித் தருவாங்களாம், அதுக்காகத்தான் போட்டாளாம். பேரு சொன்னா. எனக்கு வாயில நுழையல."

"கிடைக்கலேன்னா?"

"டியூஷன் எடுத்துக்கிட்டு அடுத்த வருசம் மறுபடி போடுவாளாம்."

ஒரு கொத்தை எடுத்தார். உருவவில்லை.

"இன்னும் இருக்கு போல."

"கிடைக்கலேன்னா அழுவேன்ப்பான்னா. அப்போ நீங்க வந்து யாரு மாதிரியும் பேசக் கூடாதுன்னா." அவர் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அம்மா செத்த அன்னைக்கும் என்னையச் சிரிக்க வச்சிட்டீங்கன்னா."

சாமி உருவிய காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"சாமி, சான்ஸ் இருக்கா இல்லையான்னு நான் இப்பக் கேக்கல. வேற கேள்வி. அவ அழுதா நான் என்ன செய்ய?"

"பக்கத்துல உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காந்திருங்க."