தொங்கிய கேபிள்

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. உலகத்தில் இப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் ரெஹானா, நெட்வொர்க் இன்ஜினியர். சீடர் சுப்புராயன், தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். தொழிற்சாலை மூடிய பிறகு, மலை மேல் புதிதாகத் திறந்த கணினித் தேர்வு மையத்துக்குப் பொறுப்பாளரானார். அங்கே ரெஹானா சொல்லிக்கொடுப்பதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், நாப்பது கம்ப்யூட்டர் இருக்கு. எந்தச் சேதி யாருக்குன்னு, எல்லாத்தையும் இணைக்கிற இந்த சுவிட்ச் பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலேன்னா எல்லாரையும் கேக்கும்ணா. 'இந்த நம்பர் யாரு'ன்னு. ஒருத்தர் மட்டும் 'நான்தான்'ம்பார். அப்புறம் அவர்கிட்ட மட்டும் பேசும்."

"மரியாதை தெரிஞ்ச பெட்டி," என்று எழுதிக்கொண்டார்.

மையத்தின் முதல் தேர்வு நாள் வந்தது. நர்சிங் நுழைவுத் தேர்வு. முப்பத்தாறு பெண்கள், எல்லாரும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பிள்ளைகள். அதுவரை தேர்வென்றால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தபடி இறங்கிப்போய், தலைசுற்றலோடு எழுதுவார்கள். இன்று சொதப்பினால் மையம் ரத்து. மறுபடியும் வாந்திதான்.

பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பது மணிக்கு ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒம்பதே முக்கால் வரைக்கும் பாப்பேன். அப்புறம் ரிப்போர்ட் எழுதிருவேன்."

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ரெஹானா நேராகப் போய், கேபிள்களெல்லாம் வந்து சேரும் அலமாரியைத் திறந்தார். சுவிட்சின் விளக்குகள் அத்தனையும் ஒன்றாகப் படபடத்துக்கொண்டிருந்தன.

"காலையிலிருந்து இப்படித்தான் உழைக்குது டீச்சர். ஆனா வேலைதான் நடக்கல," என்றார் சுப்புராயன். சில அலுவலகங்களிலும் அப்படித்தான்.

"என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தல. அணைச்சுப் போட்டும் பாத்துட்டேன்."

"முன்னாடி அலமாரி இப்படி இல்லையே."

"அதுவா? நேத்து அழகா அடுக்கி வச்சேன். அவ்வளவுதான்."

உண்மையிலேயே அழகுதான். நாற்பதுக்கும் மேற்பட்ட நீல கேபிள்கள், கட்டுக்கட்டாக, முடிச்சு முடிச்சாக. எது எங்கே போகிறதென்று பிரித்துப் பார்க்கவே அரைநாள் ஆகும்.

குரு அலமாரியை மூடினார். வெளியே கவலையோடு நின்றிருந்த பெண்களிடம் போனார்.

"எல்லாரும் ஒரே வரிசையா நில்லுங்க. ஒரு சின்ன விளையாட்டு."

சீடருக்கு அழுகையே வந்துவிட்டது. "டீச்சர், மணி ஒம்பது இருபது."

"நீங்க அடுக்கினது எனக்குத் தெரியாதுண்ணா. உங்க கைக்குத்தான் தெரியும். அதைக் கேக்கத்தான் இந்த விளையாட்டு."

விதி எளிது. காதில் விழுந்ததை அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். சொன்னவரிடமே திருப்பிச் சொல்லக் கூடாது. முன்பே கேட்டோமா என்றெல்லாம் யோசிக்கக் கூடாது, சுவிட்சுக்கு அந்த ஞாபகம் கிடையாது.

முதல் பெண்ணிடம் குரு கேட்டார், "பதினேழாம் நம்பர் யாரு?"

கேள்வி வரிசையில் ஓடியது. பதினேழாவது பெண் கை தூக்கினாள். கேள்வி கடைசிப் பெண்வரை போய், சொல்ல ஆளில்லாமல் நின்றது. சத்தம் அடங்கியது.

"அண்ணா, கடைசிப் பொண்ணுக்குப் பக்கத்துல ஆளே இல்லை. வரிசை மொட்டையா முடியுது பாருங்க."

"ஆமா டீச்சர். எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருக்கு."

"சரி பண்ணுங்க."

சுப்புராயன் வரிசையை வளைத்து, கடைசிப் பெண்ணைக் கொண்டுவந்து முதல் பெண்ணின் பக்கத்தில் நிறுத்தினார். வரிசை வட்டமானது. இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். இப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"ஒம்பதாம் நம்பர் யாரு?" என்றார் குரு.

கேள்வி ஓடியது. ஒன்பதாவது பெண் கை தூக்கினாள். ஆனால் கேள்வி நிற்கவில்லை. கடைசிப் பெண் முதல் பெண்ணிடம் சொன்னாள், அவள் அடுத்தவளிடம். குரு இன்னொரு நம்பரைக் கேட்டார். பிறகு இன்னொன்று. எல்லாக் கேள்விகளும் சுற்றிச் சுற்றி வந்தன. முப்பத்தாறு வாயும் ஓயாமல் பேசின. பதில் சொன்னவளின் குரல் பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை.

சீடர் தான் கொண்டுவந்து நிறுத்திய பெண்ணைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"டீச்சர், ஒரு கேபிள் ஒரு பக்கம் மட்டும் சொருகி, மறுமுனை சும்மா தொங்கிச்சு. வயர் தொங்கினா எனக்குத் தூக்கம் வராது. அதே பெட்டியிலேயே ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு..."

மீதியை அவர் ஓடிக்கொண்டே சொன்னார்.

கட்டுகளுக்குள் அவர் விரல்கள் தேடவே இல்லை. நேராகப் போய் ஒரு கேபிளின் முனையைப் பிடுங்கின. விளக்குகள் படபடப்பை நிறுத்தி, ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று நிதானமாக மின்னின. உள்ளே ஒரு திரை விழித்தது, அடுத்தது, அடுத்தது. நாற்பதும் விழித்தபோது மணி ஒன்பது நாற்பத்தொன்று. பெண்கள் கைதட்டினார்கள். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சுப்புராயன் வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லி உள்ளே அனுப்பினார். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பன்கூட அவ்வளவு பெருமையாக நின்றிருக்க மாட்டான்.

பகல் ஒரு மணிக்கு அதிகாரி ரிப்போர்ட் எழுதினார். அடுத்த தேர்வும் இங்கேயே.

எல்லாரும் போனபின் சீடர் அலமாரி முன்னால் அந்தக் கேபிள் முனையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"முப்பது வருஷம் ஒண்ணுதான் டீச்சர் படிச்சேன். சுத்தி வந்து சேந்தாத்தான் பல்பு எரியும், ஒரு முனை விட்டுப்போனா இருட்டுதான்னு. அது பொய்யா?"

"பொய் இல்லண்ணா. கரண்ட்டு சுத்தி வரணும்," என்றார் குரு. "பேச்சு போய்ச் சேரணும்."

சீடர் நோட்டைத் திறந்தார். எதுவும் எழுதாமல் மூடினார். பிறகு அந்த முனையை அப்படியே தொங்கவிட்டார்.