எந்த ஆம்ப்ளிஃபையர் நல்லது?

"எது நல்ல ஆம்ப்ளிஃபையர்? ஒரே வார்த்தையில சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன், டீச்சர்."

தாணுமாலயன் இதைக் கேட்பது இது நாலாவது சனிக்கிழமை.

ஜெபக்கனி நிமிரவில்லை. கையில் கம்பி பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது.

"யாருக்கு?" என்றாள்.

நாலு சனிக்கிழமையும் இதே பதில்தான். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மனிதருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. பார்வையற்றவர்கள் வந்து பாடம் கேட்கிற ஒலி நூலகம் ஒன்றின் பொறுப்பாளர். அங்கே ஆறு சின்ன அறைகள். அறைக்கு ஒரு மேசை, இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர். பழைய ஆம்ப்ளிஃபையர்கள் ஆறும் வண்டு மாதிரி இரைந்தன. மேசையில் அடங்குகிற மாதிரி, கைக்கு எட்டுகிற விலையில், புதிதாக ஆறு வாங்க நிர்வாகத்தில் சம்மதித்துவிட்டார்கள். எதை வாங்குவது என்பதை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜெபக்கனிக்கு முப்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் டயர் கடைக்கு மேல் மாடியறை. ஆம்ப்ளிஃபையர்களை அளந்து பார்ப்பதுதான் வேலை. கற்றுக்கொள்ள வருகிற எல்லோருக்கும் அவள் டீச்சர். அப்பா வயதுக்காரர்களுக்கும்.

"யாருக்குன்னா? கேக்குறவங்களுக்குத்தான்!"

"அப்போ நீங்களே அளந்து பாருங்க."

மீட்டரை அவர் பக்கம் தள்ளிவிட்டு அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அளந்தார்.

மாடியறையில் அடுக்கியிருந்த ஆம்ப்ளிஃபையர்களில் முதல் பெட்டியின் அட்டையில் நூறு வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இருபத்தெட்டு வாட்டைத் தாண்டியதும் ஒலி கரகரவென்று சிதைந்தது. தாணுமாலயனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது பச்சைப் பொய், டீச்சர்! நூறுன்னு போட்டிருக்கான்!"

"அட்டையோட ஏன் சார் சண்டை போடுதீங்க? அடுத்ததை எடுங்க."

அடுத்தது சத்தத்தைக் குறைத்தால் இடது பக்கம் மட்டும் பாடியது. மூன்றாவதைப் போடும்போதெல்லாம் ஸ்பீக்கர் 'டொப்'பென்று அதிர்ந்தது. நான்காவது சூடேறி, தொட்ட விரலைச் சுட்டது.

அவர் நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார். கட்டம் போட்டு, சிவப்பு மையில் கோடு இழுத்து. அடுத்த சனி. அதற்கடுத்த சனி. பன்னிரண்டு பெட்டிகளை அளந்தாயிற்று.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம். இரைச்சல் என்பதே இல்லை. சிதைவைக் காட்ட வேண்டிய கோடு திரையின் அடியில் படுத்துக் கிடந்தது. போதாததற்கு, சத்தம் இல்லாவிட்டால் தானே தூங்கிவிடும். சத்தம் வந்தால் தானே விழித்துக்கொள்ளும். மின்சாரம் மிச்சம் என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருந்தது.

"இதுதான், டீச்சர். இதை அடிச்சுக்க ஆளில்லை."

"முடிவா?"

"முடிவு."

"சரி."

அவ்வளவுதான். ஒரு பாராட்டு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது, இந்தப் பெண்ணிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

முதலில் ஒன்றை மட்டும் வாங்கி முதல் அறையில் வைத்தார்.

அந்த அறைக்கு வழக்கமாக வருகிறவள் பகவதி. இருபத்தொன்பது வயது. அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இதுதான் கடைசித் தடவை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பதிவு செய்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பாள், நிறுத்துவாள், யோசித்து, பிரெய்லியில் விடையைக் குத்துவாள், மறுபடி ஓடவிடுவாள்.

பத்தாம் நாள் அவர் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், புது மெஷின் முதல் வார்த்தையை முழுங்குது."

"அதெப்படிம்மா முழுங்கும்? பன்னிரண்டுல இதுதான் முதல்."

"முழுங்குது சார். எப்பவும் இல்லை. சில நேரம்."

அவர் நோட்டை விரித்தார். இரைச்சல் இவ்வளவு, சிதைவு இவ்வளவு, இந்தக் கோடு இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று முழுப் பக்கத்தையும் கண் தெரியாத அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க கணக்கு சரியா இருக்கும் சார். மாதிரித் தேர்வுல எனக்கு ஒன்பது கேள்வி போயிருக்கு. இதுவரைக்கும் இரண்டுக்கு மேல போனதில்லை."

"கவனம் வேற எங்கேயாவது இருந்திருக்கும். பரீட்சை நெருங்குதுல்லா, பதற்றம்."

பகவதி திரும்பினாள். கைத்தடியை விரித்தாள். போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மூன்றாம் நாள், சனிக்கிழமைகூட இல்லை, தாணுமாலயன் அந்தக் கறுப்புப் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பாளையங்கோட்டை பஸ் ஏறினார்.

"இதை மறுபடி அளக்கணும், டீச்சர். முதல் வார்த்தையை முழுங்குதுன்னு எங்க நூலகத்துக்கு வாற பொண்ணு வந்து சொல்லுதா."

"அளங்க."

அளந்தார். அதே எண்கள். கம்பிகளை மாற்றிப் போட்டு, இடைவிடாமல் ஓடுகிற அதே சோதனை ஒலியில் அளந்தார். அதே எண்கள். பிளக்கை வேறு பாயின்ட்டில் செருகி, மூன்றாவது தடவை அளந்தார். ஒரு புள்ளி நகரவில்லை.

நோட்டை மேசையில் ஓங்கி அடித்தார்.

"மெஷின் பொய் சொல்லலை. மீட்டர் பொய் சொல்லலை. அந்தப் பொண்ணும் பொய் சொல்லுத ஆளில்லை. பின்னே யாருதான் டீச்சர் பொய் சொல்லுதா? எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு!"

ஜெபக்கனி சால்டரிங் அயர்னை வைத்தாள். முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு கேட்ட பதிவு இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். கேள்வித்தாளும் கையில் இருந்தது.

அவள் மீட்டர் கம்பிகளைப் பிடுங்கிப் போட்டாள். இரண்டு ஸ்பீக்கரை மாட்டினாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள். முதல் கேள்வியை ஓடவிட்டு நிறுத்தினாள்.

"விடை சொல்லுங்க."

"நான் எதுக்கு டீச்சர் விடை..."

"சொல்லுங்க."

ரயில் கணக்கு. இரண்டு ரயில், எதிரெதிர் திசை, ஒன்றையொன்று கடக்க எவ்வளவு நேரம். அவர் முணுமுணுத்துக்கொண்டே நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தார். தப்பாக வந்தது. அடித்தார். மறுபடி போட்டார். கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் வந்தது. மேசையில், அவர் பார்க்காத நேரத்தில், கறுப்புப் பெட்டியின் சின்ன விளக்கு அணைந்தது.

"நாற்பது செகண்ட்" என்றார் கடைசியில்.

ஜெபக்கனி அடுத்த கேள்வியை ஓடவிட்டாள்.

"...கூற்றைத் தேர்ந்தெடுக்க" என்றது ஸ்பீக்கர்.

தாணுமாலயன் கேள்வித்தாளைப் பார்த்தார்.

*தவறான கூற்றைத் தேர்ந்தெடுக்க.*

தாளை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். 'தவறான' அங்கேதான் இருந்தது.

"திரும்பப் போடுங்க" என்றார்.

இப்போது பெட்டி விழித்திருந்தது. கேள்வி முழுசாக வந்தது. ரயில் கணக்குக்கு ஆன நேரம் போலவே இன்னும் இரண்டு நிமிஷம் எதையும் ஓடவிடாமல் சும்மா இருந்தார்கள். விளக்கு அணைவதை இந்தத் தடவை அவர் பார்த்தார். மறுபடி கேள்வியைப் போட்டதும் முதல் வார்த்தை காணாமல் போனது.

ஜெபக்கனி பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம், அரிசி அளவில் ஒரு ஸ்விட்ச். தானே தூங்குவதை நிறுத்துவதற்கு. பேனா முனையால் தள்ளிவிட்டாள். பிறகு கால் மணி நேரம் காத்திருந்தும் பெட்டி தூங்கவில்லை. ஒரு வார்த்தையும் போகவில்லை.

தாணுமாலயன் அங்கேயே உட்கார்ந்து போன் போட்டார். நாலு தடவை அடித்த பிறகு பகவதி எடுத்தாள்.

"அம்மா, தப்பு என்கிட்டத்தான். முழுங்கத்தான் செய்யுது. இப்போ சரி பண்ணியாச்சு."



"நாளைக்கு வாறேன் சார்" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார்.

"இத்தனை எண்ணுல இது ஒண்ணுலயும் அகப்படலையே. நீங்க எப்படி டீச்சர் கண்டுபிடிச்சீங்க?"

ஜெபக்கனிக்கு எரிச்சல் வந்தது.

"நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? அந்தப் பொண்ணுதான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்காளே!"