மூக்காண்டி காத்த கீரைப் பாத்தி

ஒரு காட்டில், ஓடையோரப் புங்கமரத்தடியில், ஓட்டம்மா என்று ஓர் ஆமை இருந்தது. ஓட்டமெல்லாம் பெயரில் மட்டும்தான். வாசலிலிருந்து கொல்லைக்குப் போய்ச் சேரவே அதற்கு ஒரு காலைப் பொழுது ஆகும்.

குளிர்காலத்தில் வந்த வாத்து ஒன்று அதற்குக் கொஞ்சம் விதை கொடுத்தது. பார்க்கக் கடுகு மாதிரி இருந்தது.

“சீனத்துக் கீரை. பாக் சோய் என்பார்கள். தண்டு வெள்ளையாக, தடியாக இருக்கும். உனக்கு ஏற்ற சாப்பாடு. துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை,” என்றது வாத்து.

ஓட்டம்மா மண்ணைக் கிளறி, விதையை நக ஆழத்தில் தூவி மூடியது. ஓடையிலிருந்து வாயில் தண்ணீர் கொண்டுவந்து கொப்பளித்துக் கொப்பளித்து ஊற்றியது. ஆறாம் நாள் முளைத்தது. நெருக்கமாக நின்ற நாற்றுகளைப் பிடுங்கித் தின்று, மற்றவற்றுக்கு இடம் விட்டது.

அப்போதுதான் வேலியை மிதித்துக்கொண்டு வந்தது மூக்காண்டி என்ற காட்டுப்பன்றி. அது மூக்கை நுழைத்த கொல்லை எதுவும் மறுநாள் கொல்லையாக இருந்ததில்லை. போன மாதம் ஓட்டம்மாவின் முள்ளங்கிப் பாத்தியை ஒரே மூச்சில் உழுதுவிட்டுப் போனது. அதன்பிறகு ஓட்டம்மா பதினைந்து நாள் சருகைத்தான் மென்றது.

ஓட்டம்மாவின் தலை பயத்தில் ஓட்டுக்குள் போய்விட்டது.

“இதைத் தின்னலாமா?” என்றது மூக்காண்டி.

தலை மெல்ல வெளியே வந்தது. “தாராளமாக, அண்ணே. ஆனால் இப்போது தின்றால் உங்கள் பல்லிடுக்குக்குக்கூடக் காணாது. பூ விடும்போதுதான் முழு உயரத்துக்கு வரும். உங்கள் தோள் அளவு நிற்கும்.”

“அவ்வளவும் எனக்கா?”

“பூத்த பிறகு ஓர் இலைகூட நான் தொடமாட்டேன். என் ஓட்டின் மேல் சத்தியம்.”

அன்றிலிருந்து மூக்காண்டிதான் அந்தப் பாத்திக்குக் காவல். முயல் வந்தால் உறுமியது. மான் வந்தால் துரத்தியது. நத்தைகளைப் பொறுக்கி விழுங்கியது. பயிருக்கு உரம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, தினமும் காலையில் பாத்தியோரம் வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கடமையைச் செய்துவிட்டுப் போனது.

ஓட்டம்மாவோ தினமும் வெளிப்பக்கத்து இலைகளை மட்டும் கிள்ளித் தின்றது.

“ஏய், என் கீரையை ஏன் தின்கிறாய்?”

“அடி இலையைக் கழித்தால்தான் குருத்து ஓங்கும், அண்ணே.”

“அப்படியானால் சரி. நன்றாகக் கழி!”

ஓட்டம்மா நன்றாகவே கழித்தது. ஓடு இறுகும் அளவுக்குச் சதை போட்டது.

பங்குனி வெயில் ஏறியது. செடிகள் விறுவிறுவென்று உயர்ந்து மஞ்சளாகப் பூத்தன. மூக்காண்டி காடு முழுக்கச் சொல்லி அனுப்பியது: “நாளைக்கு என் அறுவடை. நான் தின்பதை எல்லாரும் வந்து பாருங்கள்!”

முயலும் மானும் குரங்கும் மயிலும் வந்து சுற்றி நின்றன. மூக்காண்டி ஒரு செடியை வேரோடு பிடுங்கி வாய் நிறைய அடைத்தது. மென்றது. சட்டென்று தாடை நின்றது.

வெயிலில் பூத்துவிட்டால் அந்தக் கீரையின் தண்டு நாராகிவிடும், இலை கசக்கும். ஓட்டம்மாவுக்கு அது தெரியும். மூக்காண்டி உயரத்தைப் பற்றித்தான் கேட்டது, ருசியைப் பற்றிக் கேட்கவில்லை.

“எப்படி இருக்கிறது, அண்ணே?” என்றது முயல்.

துப்பினால் மானம் போய்விடும். “அ... அமிர்தம்!”

“கண்ணில் தண்ணீர் வருகிறதே?”

“ஆனந்தக் கண்ணீர்.”

“அப்படியானால் எங்களுக்கும் ஒரு வாய்...”

“ஒருவரும் தொடக்கூடாது!” என்று அலறியது மூக்காண்டி. யாராவது ருசி பார்த்தால் குட்டு உடைந்துவிடுமே! “எல்லாம் எனக்கு!”

பதினெட்டுச் செடிகள். அத்தனையையும் அது தின்று தீர்த்தது. ஒவ்வொரு செடிக்கும் குரங்கு கைதட்டியது.

“அடுத்த போகமும் உங்களுக்கே போடட்டுமா, அண்ணே?” என்று பணிவாகக் கேட்டது ஓட்டம்மா.

பதில் சொல்ல மூக்காண்டி வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை, தின்றதுதான் வந்தது. மயில் தோகையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. மூக்காண்டி ஓடையைத் தாண்டி எடுத்த ஓட்டம், காட்டின் மறுகோடியில் போய்த்தான் நின்றது.

நீதி: எல்லாம் எனக்கே என்று அடம்பிடிப்பவர், கசப்பையும் பங்கு போட ஆளில்லாமல் தனியாகத்தான் தின்ன வேண்டும்.