வெயிலுகந்தம்மாள் கூழ் வார்த்த கதை

நெடுங்கரைச் சந்தைப்பேட்டையில் சாக்கடை வாருவது வெயிலுகந்தம்மாளின் தொழில். ஊர் எழுந்திருக்கும் முன்பே அவர் சாக்கடைக்குள் நிற்பார். நீளக் காம்பு போட்ட மண்வெட்டியால் கசடை அள்ளிக் கரையில் போட்டு, நீர் வடிந்ததும் தள்ளுவண்டியில் ஏற்றி, ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டுவார். ஒப்பந்தக் கூலி. வருடத்துக்கு ஒருமுறை கையுறை கொடுப்பார்கள். கொடுப்பதைப் படம் எடுத்துக்கொண்டு கையுறையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் அடிகுழாயில் தலையோடு குளித்து, ஈரச் சேலையோடு சந்தை மூலையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு வருவார். கோயில் என்றால் ஓர் ஆள் குனிந்து நுழையும் கருவறை, முன்னால் சிமெண்டுத் தளம், பக்கத்தில் ஒரு வேம்பு. அம்மையார் தளத்தில் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் எழுதிப் போடவில்லை. எழுதிப் போடாமலே நடந்துவரும் காரியம் அது. தளத்தின் கீழே கூட்டித் தெளித்து, வேம்பின் வேரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, "ஆத்தா, நான் எந்திரிச்சுட்டேன். நீயும் எந்திரி" என்று சொல்லிவிட்டுப் போவார். செவ்வாய்க்கிழமை தோறும் கேப்பைக் கூழ் காய்ச்சி வந்து மரத்தடியில் வைத்து ஊற்றுவார். சுமை தூக்குவோரும் பிச்சை எடுப்போரும் வாங்கிக் குடிப்பார்கள். மற்றவர்கள் பசியில்லை என்று சொல்லிக் கடந்து போவார்கள். முப்பது வருடம் இப்படி நடந்தது.

இந்தப் பக்திக்கு ஒரு காரணம் உண்டு. ஏழு வயதில் அவருக்குப் பெரியம்மை கண்டது. வாசலில் வேப்பங்குலை செருகினார்கள். யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் யாரும் மறக்கவும் இல்லை. இளநீரும் மோரும் கூழும் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தன. ஊர்ப் பெரிய தெருவிலிருந்து பெண்கள் நடந்து வந்து, தெருவிலேயே நின்று, "ஆத்தா, குளுந்து போ தாயே" என்று கும்பிட்டார்கள். குடிசைக்குள் கிழிந்த பாயில் கிடந்த ஏழு வயதுப் பிள்ளையைத்தான் அவர்கள் கும்பிட்டார்கள். பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். உயிர் தப்பியது, ஆனால் இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிற்று. அவர் வாழ்நாளில் ஊர் அவரைக் கும்பிட்டது அந்தப் பதினோரு நாள் மட்டுமே.

பிறகு கொரோனா வந்த வருடம் வந்தது.

நோய் வரும் முன்னே ஊருக்குப் பயம் வந்து சேர்ந்தது. தெருவெங்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலை வெட்டி வெட்டி மாரியம்மன் மரமே பாதி மொட்டையாயிற்று. மிளகு ரசம் குடித்தால் அண்டாது என்று ஒருவர் போனில் அனுப்பினார். பச்சை வெங்காயம் தின்றால் ஓடிப்போகும் என்று இன்னொருவர் அனுப்பினார். அனுப்பியவர்கள் எல்லாரும் முதலில் கடைக்கு ஓடி அரிசி மூட்டையை வாங்கி உள்ளே போட்டுக்கொண்ட பிறகுதான் அனுப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஊர் முழுக்க வாசலில் நின்று தட்டைத் தட்டியது. தூய்மைப் பணியாளருக்கு மரியாதை என்றார்கள். தள்ளுவண்டியோடு போன வெயிலுகந்தம்மாளை நிறுத்தி ஒரு துண்டைப் போர்த்திப் படம் எடுத்தார்கள். அம்மையாருக்குக் கூச்சமாக இருந்தாலும் உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவர் டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் கல்லாவை விட்டு எழவில்லை.

"அங்கனயே நில்லும்மா. கிட்ட வராத."

"எப்பயும் நிக்கிற இடத்துலதானப்பா நிக்கேன்."

"இன்னும் தள்ளி. நீ எந்தெந்தச் சாக்கடையில கை விட்டியோ, எவன் கண்டான்."

பேப்பர் கப்பில் டீயை ஊற்றித் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். தனிக் குவளைக் காலம் செத்துப் புதைந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்த ஊரில், அது பேப்பர் கப்பாக எழுந்து வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. பெஞ்சில் இருந்த ஒருவன், "ஏய், கொரோனா டீ குடிக்குதுடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நேற்றுத் தட்டைத் தட்டிய கைகள்தான் இன்று தொடையைத் தட்டிச் சிரித்தன. அம்மையார் டீயை எடுக்காமல் நடந்தார்.

அந்த வாரம் காசிமாயன் ஊர் திரும்பினார். வடக்கே முறுக்குக் கம்பெனியில் அடுப்படி வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டதால் பாதி தூரம் லாரியிலும் மீதி நடையுமாக வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. சுகாதார ஆட்கள் வந்து, தொண்டையில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு, 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று கதவில் ஒரு தாள் ஒட்டிப் போனார்கள். முடிவு வரும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னது. தெரு அதோடு விடவில்லை.

தெருக் கமிட்டித் தலைவர் சீனிச்சாமி. மாரியம்மன் கோயில் சாமியாடியும் அவரே. அவர் நாலு தகரத்தைக் கொண்டுவந்து, காசிமாயன் வீட்டு வாசலை மேலிருந்து கீழ்வரை அடைத்து, தன் கையாலேயே ஆணி அடித்தார். உள்ளே காசிமாயன், அவர் மனைவி ராசகனி, பால்குடி மாறாத ஒரு பெண் குழந்தை.

"அண்ணே, தண்ணிக்கு என்ன செய்வேன்" என்று ராசகனி உள்ளிருந்து கேட்டார்.

"புருசனக் கூட்டியாரும்போது அத யோசிச்சிருக்கணும்" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

ராசகனி உதவி எண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஓர் இருமல் சத்தமும் அறிவுரையும்தான் திரும்பத் திரும்பக் கேட்டன. பானைத் தண்ணீர் இரண்டு நாளில் தீர்ந்தது. மூன்றாம் நாள் குழந்தை அழுத அழுகை தெருக்கோடி வரை கேட்டது. கேட்டவர்கள் டிவியைச் சத்தமாக வைத்தார்கள். அந்த வீட்டிலிருந்து இருபது அடியில் தெருக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டியோடு அந்த வழி வந்த வெயிலுகந்தம்மாள் அழுகையைக் கேட்டு நின்றார். தகரத்தைப் பார்த்தார், ஆணிகளைப் பார்த்தார். தம்மைக் கிடத்தியிருந்த கிழிந்த பாய் அவருக்கு நினைவு வந்தது. காய்ச்சல் கண்ட வீடு ஆத்தா வந்து இறங்கிய வீடு. அவர் அறிந்த நியாயம் அவ்வளவுதான். நேரே போய்க் குளித்து, முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரும் ஒரு தூக்குவாளி கூழுமாக வந்தார். தகர இடுக்கில் ஒரு வேப்பங்குலையைச் செருகினார். பக்கச் சுவரின் ஜன்னல் திட்டில் குடத்தையும் வாளியையும் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்து நின்று கூப்பிட்டார்.

"ஆத்தா, கூழு வந்திருக்கு. எடுத்துக்க தாயே."

ராசகனியின் கை ஜன்னலுக்கு வந்தது. அந்தக் கை முதலில் குடத்தை எடுத்ததை அம்மையார் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

சீனிச்சாமிக்குச் செய்தி எட்டியது. நாலு ஆட்களோடு வந்தார்.

"என்னம்மா செய்ற? வேப்பங்குலையச் செருகிக் கும்புட இது என்ன அம்மையா? இது சீனாக்காரன் சீக்கு. ஆத்தாவக் கேவலப்படுத்துறியா?"

"அம்மை வந்தா ஆத்தாங்கோம். இது வந்தா திருடன அடைக்கிற மாதிரி அடைக்கிறீக. ரெண்டுக்கும் காய்ச்சல் ஒண்ணுதானய்யா."

"வாய் நீளுது. இங்கிட்டு வந்த காலோட நீ கோயில் பக்கம் வரக்கூடாது. கூட்டவும் வேணாம், தண்ணி ஊத்தவும் வேணாம். ஒண்ணு கோயிலு, இல்ல இந்த வீடு. எதுன்னு முடிவு பண்ணிக்க."

அம்மையார் அப்போதுதான் கலங்கினார். கூலியை நிறுத்துவேன் என்று சொல்லியிருந்தால் கலங்கியிருக்க மாட்டார். முப்பது வருடமாக ஒரு நாளும் அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவர் சோறு தின்றதில்லை. அவருக்கென்று இருந்த ஒரே வாசல் அது. அதையும் அடைப்போம் என்கிறார்கள்.

"ஆத்தாளுக்கு ஆள் இருக்கீக. இந்தப் பிள்ளைக்கு ஆள் இல்ல" என்றார். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்டதைச் சொல்ல நா கூசுகிறது. குழாயைத் தொட்டார் என்று குழாய்க்குச் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். அரை மைல் நடந்து போய் அடிகுழாயில் அடித்துச் சுமந்தார். ஐந்தாம் நாள், கிருமி சாகட்டும் என்று சொல்லி, பிளீச்சிங் கரைத்த தண்ணீரை ஒரு வாளி நிறைய அவர் மேலேயே ஊற்றினார்கள். அறுபது வயது மேனி தீப்பட்டதுபோல் எரிந்தது. நல்ல கண்ணும் எரிந்து நீர் வழிந்தது. ஊற்றியவர்கள் கை கழுவிக்கொண்டு போனார்கள். இருபது நொடி கழுவ வேண்டுமாம்; எண்ணி எண்ணிக் கழுவினார்கள்.

அன்று அம்மையார் கோயில் எல்லைக்கு வெளியே தார்ச்சாலையில் நின்று, தூரத்தில் தெரிந்த கருவறையைப் பார்த்துச் சண்டை போட்டார்.

"ஏண்டி, பாத்துக்கிட்டுத்தான் இருக்கியா? எனக்கு ஒரு கண்ணுதான் இருக்கு. உனக்குமா அவிஞ்சுபோச்சு? நீ எக்கேடும் கெடு. நாளைக்கும் நான் அந்த வீட்டுக்குத்தான் போவேன். உன்னையத்தான் அங்க பாக்கேன். நீ இல்லைன்னு எவன் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்."

ஏசினாலும் அவர் நம்பிக்கையில் ஒரு நூல் குறையவில்லை. நம்பிக்கை இல்லாதவர் யாரைப் பார்த்து ஏசுவார்? மறுநாளும் கூழ் போயிற்று, அதற்கு மறுநாளும் போயிற்று.

பங்குனிப் பொங்கலுக்குத் தடை என்பதால், செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில் பத்து ஆட்களோடு ஒரு சின்னப் பூசை என்று கமிட்டி முடிவு செய்தது. சீனிச்சாமி நீராடி, சந்தனம் பூசி, கச்சை கட்டி நின்றார். சங்கிலி என்ற கொட்டுக்காரர் உறுமியை இழுத்தார். வருடா வருடம் நாலு தட்டுக்கு இறங்கும் ஆத்தா இறங்கவில்லை. அரை மணி நேரம் அடித்தார்கள். சங்கிலியின் மணிக்கட்டு வீங்கியது. பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகு சீனிச்சாமியின் கால் பெருவிரல் துடித்தது. உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. ஆனால் அவர் கருவறைப் பக்கம் திரும்பவில்லை. தெருப் பக்கம் திரும்பினார். வாயிலிருந்து வந்தது பெண் குரல்.

"என்னைய எதுக்குடா இங்க தேடுற? நான் இங்கயா இருக்கேன்? தகரத்துக்குப் பின்னால காய்ச்சல்ல கெடக்கேன்டா. எனக்குத் தண்ணி குடுத்தீகளா? எம் பிள்ளைக்குப் பாலு குடுத்தீகளா? எம் வாசல்ல ஆணி அடிச்சது ஆரு? இந்தக் கைதான? இந்தக் கைதான?"

சொல்லிக்கொண்டே அவர் வலக்கையைச் சூலக் கம்பில் மோதினார். பிடிக்கப் போனவர்களை உதறித் தள்ளினார்.

"ஒருத்திதான் எனக்குக் கூழு ஊத்துனா. அவ மேல மருந்துத் தண்ணிய ஊத்துனீக. எம் மேனி எரியுதுடா. எரியுது. போ, எம் மக வெயிலுகந்தாளக் கூட்டியா. அவ முகத்தப் பாக்காம நான் மலையேற மாட்டேன்."

பத்துப் பேரும் விழித்தார்கள். "வெயிலுகந்தாவா? ஆரு அது?" என்று ஒருவர் கிசுகிசுத்தார். "எந்தத் தெரு?" என்றார் அடுத்தவர். தங்கள் காலடியில் முப்பது வருடம் கூட்டியவரின் பேரை அங்கே ஒருவரும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. சாமியாடிய சீனிச்சாமிக்கும் அந்தப் பேர் தெரியாது. தெரியாத பேரைத்தான் அவர் வாய் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

சங்கிலி உறுமியைக் கீழே வைத்தார். "எங்கம்மா கூடப் பொறந்த சின்னாத்தாய்யா அது. சாக்கடை அள்ளுமே, அவுக பேரு" என்றார்.

சீனிச்சாமி ஆடியபடியே தெருவில் ஓடினார். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். வெயிலுகந்தம்மாள் அப்போது காசிமாயன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே, கூழ் வாளியோடு தள்ளி நின்றிருந்தார். அவர் முகத்தைக் கண்டதும் ஆட்டம் நின்றது. சீனிச்சாமி தரையில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் தன் நினைவு வந்து, மற்றவர்கள் நடந்ததைச் சொல்லக் கேட்டு, குன்றிப் போய் எழுந்தார்.

"ஆத்தா உன்னையத்தான் கேட்டா, தாயி. நீயே வந்து இந்தத் தகரத்தத் தொறந்து விடு."

"நான் எதுக்குய்யா தொறக்கணும்? அடிச்சவன் நீ. நீயே புடுங்கு."

அம்மையாரின் குரல் உயரவில்லை. சீனிச்சாமி கையாலேயே தகரத்தைப் பிடித்து இழுத்தார். விளிம்பு அறுத்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது. இழுத்துக்கொண்டே இருந்தார். நாலு தகரமும் விழுந்த பிறகு ராசகனி குழந்தையோடு நிலையருகே நின்றார். கூட்டம் முண்டியது.

"கிட்டப் போகாதீக" என்று அம்மையார் அதட்டினார். "மூஞ்சியில துணியக் கட்டிட்டுத் தள்ளி நில்லுங்க. தள்ளி நின்னு, என்ன வேணும்னு கேளுங்க. அம்புட்டுத்தான். இத ஒரு சாமி வந்து சொல்லணுமா ஒங்களுக்கு?"

அன்று குழாயில் கட்டிய சாக்கு அவிழ்ந்தது. பாலும் அரிசியும் அந்த வாசலுக்கு வந்தன. சாயங்காலம் கொரோனாதான் என்று சோதனை முடிவு வந்து, வண்டி வந்து காசிமாயனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிற்று. பதினேழாம் நாள் அவர் தம் காலால் நடந்து வீடு திரும்பினார். ராசகனிக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை.

ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த தெருவில் காய்ச்சல் வந்தபோது தகரம் தேடியவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஆணி அடிக்கும் முன் வெயிலுகந்தம்மாள் தூக்குவாளியோடு போய் நின்றிருந்தார். அவரைத் தாண்டிப் போக ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

கோயில் தளத்தில் ஏறிக் கும்பிடச் சொல்லிக் கமிட்டியார் அழைத்தார்கள். ஏறினார். கருவறை முன்னால் நின்று, "என் பேரச் சொன்னியாமே" என்று மட்டும் கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

காய்ச்சல் கண்டவர் கிடந்த பாயைக் கோயிலாகக் கண்டு கூழ் வார்த்த வெயிலுகந்தம்மையின் திருவடிக்கு நம் கும்பிடு. அவர் கையால் ஒரு வாய் கூழ் குடிக்கக் கொடுத்து வைத்தவர்கள் குளிர்ந்திருப்பார்கள்.