சுவரைப் பார்த்த நாற்காலி

தோல் பிரிவில் டாக்டர் மங்கையர்க்கரசியின் நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் கிடக்கும். மாணவர் நோயாளியைப் பார்த்து, கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். நோயின் பெயரை ஆசிரியையான டாக்டர் சொல்வார், திரும்பிப் பார்க்காமலே.

நாற்பதைத் தாண்டித் தோல் வைத்தியம் படிக்க வந்த தெய்வசிகாமணிக்கு அன்றைக்கு அலுத்துப் போயிருந்தது. காலையிலிருந்து தேமல், சொறி, கொப்புளம். ஒரு முகமும் நினைவில்லை. கடைசி ஆளாகக் கல்யாணச் சமையல்காரர் இசக்கிமுத்து முழங்கையை நீட்டினார்.

"சொல்லுங்க," என்றார் ஆசிரியை, சுவரிடம்.

"ஒரே வட்டம் மேடம். நடுவுல வெளுத்திருக்கு. ஓரம் சிவந்து, தடிச்சு, வரப்பு கட்டின மாதிரி. மேல செதில்."

"அரிப்பு?"

"இருக்கும் மேடம்."

"இருக்குமா, இருக்கா?"

இசக்கிமுத்து முந்திக்கொண்டு சிரித்தார். "எங்க அரிக்கு தாயி! அது பாட்டுக்குக் கெடக்கு, வீட்டோட மாப்பிள்ளை கணக்கா."

நாற்காலி திரும்பியது.

ஆசிரியை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். மேசையில் தெய்வசிகாமணி முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த படர்தாமரைக் களிம்பை ஓரமாகத் தள்ளினார். பஞ்சைக் கிள்ளித் திரியாக்கினார்.

"கண்ணை மூடிக்கோங்க அண்ணாச்சி. பஞ்சு பட்டதும் சொல்லணும்."

மணிக்கட்டில் பட்டது.

"பட்டுட்டு."

வட்டத்துக்குள் பட்டது. இசக்கிமுத்து காத்திருந்தார். மறுபடி பட்டது. மறுபடியும்.

"எப்ப தாயி ஆரம்பிப்பிய? சாயங்காலம் பந்தி இருக்கு."

தெய்வசிகாமணி அப்போதுதான் அந்தக் கையை முழுசாகப் பார்த்தார். சுண்டுவிரலில் புதுத் தீக்காயம். ஊதிக்கூடப் பார்க்காமல் விட்ட காயம்.

"தொழுநோய் மாதிரித் தெரியுது அண்ணாச்சி," என்றார் ஆசிரியை. அவர் தோளில் கையை வைத்தார். "பயப்படாதீங்க. ஆரம்பந்தான். மாத்திரையில குணமாகும். இப்பவே கண்டுபிடிச்சதால விரலெல்லாம் தப்பிச்சுது. விரலுக்குச் சூடு தெரியாது, துணியில்லாம சட்டியைத் தொடாதீங்க."

இசக்கிமுத்து விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, "கரண்டி பிடிக்கலாம்லா?" என்றார்.

"பிடிக்கலாம்."

இசக்கிமுத்து பரிசோதனைக்குப் போனபின் தெய்வசிகாமணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "செதில் இல்லை மேடம். படர்தாமரைன்னா இருக்கணுமேன்னு..."

"ம்."

"நீங்க பார்க்கவே இல்லையே. எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

ஆசிரியை நாற்காலியைப் பழையபடி சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்.

"நீங்க சொன்னது அப்படியே புத்தகம், ஒரு குறையும் இல்லை. உடம்பு அவ்வளவு ஒழுங்கா இருந்து நான் பார்த்ததில்லை."