பஞ்சுவின் இடது காது

“நான் கேட்டது தீட்சை. நீங்க கொடுத்தது நாய்.”

இதைச் சொன்ன வயிரவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்லூரி முதல்வராக இருந்தவர். வீட்டை விட்டு வந்து நாலு வருஷமாக அந்தத் தீட்சைக்குத்தான் காத்திருந்தார்.

தவமணி அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மலையடிவாரத்து அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் குரு.

“ஆறு மாசம் இதைப் பார்த்துக்கோங்க ஐயா. அப்புறம் தர்றேன்.”

வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போன ஷிட்சு ஜாதிச் சடை நாய் அது. பேர் பஞ்சு. முயல் உயரம்தான் இருக்கும். முடி மட்டும் தரையைக் கூட்டும். காவலுக்கும் ஆகாது, ஓட்டத்துக்கும் ஆகாது. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் அதற்கு, அவ்வளவுதான்.

வயிரவன் நடந்தால் நடக்கும். உட்கார்ந்தால் காலடியில் உட்காரும். கதவைச் சாத்தினால் கதவோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

“பேரே வயிரவன். நாய் இல்லாம எப்படி?” என்று சமையல்காரி பொன்னுத்தாய் சிரித்தாள்.

அந்த ஆசிரமத்தில் எதற்கும் முன்னால் குளியல். பூஜைக்கு முன்னால், படிப்புக்கு முன்னால், சாப்பாட்டுக்கு முன்னால். வயிரவன் பஞ்சுவையும் அந்த ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர். அப்புறம் துடைத்து, மேலாக ஒரு சீப்புப் போட்டு, நெற்றி முடியைச் சிவப்பு நூலால் கட்டிவிடுவார்.

“அடேயப்பா, பட்டு மாதிரில்ல இருக்கு!” என்பார்கள் வருகிறவர்கள்.

அப்போது பார்த்து பஞ்சு வந்து இடது காதை அவர் மடியில் தேய்க்கும்.

“பக்தியைப் பாருங்க!” என்பார் வயிரவன்.

ஆறு மாசம் முடிந்தது. ஆசிரமத்தில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, நாயைத் தூக்கிவந்து குருவின் முன் வைத்தார்.

தவமணி அம்மா விரலை முடிக்குள் விட்டார். விரல் போகவில்லை.

சீப்பை வாங்கி வைத்தார். அரை அங்குலத்தில் நின்றுவிட்டது.

“சிக்கை எடுக்காமலா தண்ணி ஊத்துனீங்க?”

“தினமும் ஊத்தினேன் அம்மா. ஒரு நாள் தவறினதில்லை.”

“நனைஞ்ச சிக்கு காய்ஞ்சா இறுகும் ஐயா.”

தவமணி அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். முடி முடியாக வரவில்லை. பழைய கம்பளித் துண்டு மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. இடது காதுக்குப் பின்னால் தோல் சிவந்து, நீர் கோத்து, நாறியது.

பொன்னுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்து யாரோ எழுந்து வெளியே போனார்.

வயிரவனுக்கு முகமெல்லாம் சூடேறியது.

“ஒரு சத்தம் போடலையே அம்மா இது? வலிச்சா சொல்லாதா?”

“தினமும் அந்தக் காதைத்தானே கொண்டுவந்து உங்க மடியில வச்சுது?”

 அந்தக் காதைக் காட்டி எத்தனை பேரிடம் பெருமை பேசினோம் என்று வயிரவன் எண்ணிப் பார்த்தார். எண்ணி முடியவில்லை.

முதுகு முடி போன பஞ்சு பாதியாகச் சுருங்கி நின்றது. நடுங்கியது. பிறகு தள்ளாடித் தள்ளாடி அவர் காலடிக்கே வந்து உட்கார்ந்தது.

குரைத்திருந்தால் தேவலை. கடித்திருந்தால் இன்னும் தேவலை.

“எனக்குத் தீட்சை வேண்டாம். இதைப் பொன்னுத்தாய்கிட்ட விட்டுருங்க. நான் சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்.”

“இதோட மூஞ்சியைப் பார்க்க முடியலையா?”

“முடியலை அம்மா.”

“அதுக்கு உங்க மூஞ்சியைப் பார்க்காம இருக்க முடியாது.”

வயிரவன் குனிந்தார். 

“இது என்னை மன்னிக்குமா?”

தவமணி அம்மா நாயை மல்லாத்தினார்.

“அடிவயித்து முடி இன்னும் வெட்டலை. காலைப் பிடிங்க ஐயா.”